வீட்டில் சிறிய கண்ணாடிச் சூளை அமைத்தல்: பாதுகாப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடித் துண்டுகளை உருக்கி ஒட்டித் தட்டு, பதக்கம், சுவர் அலங்காரம் போன்றவற்றைச் செய்யும் மின்சூளைகள் இப்போது ஒரு மேசையின் பாதி இடத்தில் அடங்கும் அளவில் கிடைக்கின்றன. வாங்க நினைப்பவர்கள் முதலில் அஞ்சுவது உள்ளே எழும் 800 டிகிரி வெப்பத்தைத்தான். அந்த வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே சூளையின் சுவர் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடும் கனமான மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும் என்று நினைத்து நம் வீட்டு வயரிங்கை யாரும் செய்வதில்லை. அதனால் கீழே உள்ள விடைகளில் பெரும்பகுதி சூளைக்கு வெளியே செய்ய வேண்டிய ஏற்பாடுகளைப் பற்றியதாகவே இருக்கும். தமிழ்நாட்டு வீடுகளில் உள்ள 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் இணைப்பை மனத்தில் கொண்டு இவை எழுதப்பட்டுள்ளன.

சிறிய சூளை என்று எதைக் குறிப்பிடுகிறீர்கள்?

உள்ளளவு 20 முதல் 35 செ.மீ. வரை உள்ள, ஏறத்தாழ 1.5 முதல் 3.5 கிலோவாட் வரை மின்சாரம் எடுக்கும் சூளைகளையே குறிப்பிடுகிறோம். கண்ணாடியை அச்சின் மேல் வளைப்பதற்குச் சுமார் 620 முதல் 680 டிகிரி செல்சியஸும், துண்டுகளின் வடிவம் மாறாமல் ஒட்டவைக்க 730 முதல் 760 டிகிரியும், முழுதாக உருக்கி ஒரே பலகையாக்க 800 முதல் 815 டிகிரியும் தேவைப்படும். சன்னல் கண்ணாடியாக இருந்தால் இன்னும் சற்றுக் கூடுதலாகும். மண்பாண்டச் சூளையின் 1,000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் இந்த வேலைக்குத் தேவையில்லை.

வீட்டில் எந்த இடம் பொருத்தமானது?

தனி வீடாக இருந்தால் மூன்று பக்கம் சுவரும் மேலே கான்கிரீட் கூரையும் உள்ள கார் ஷெட், மழைச்சாரல் எட்டாத போர்டிகோவின் உட்பகுதி, மொட்டைமாடியில் உள்ள கான்கிரீட் அறை ஆகியவை நல்ல இடங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் துணி, புத்தகம், மெத்தை இல்லாத ஓர் அறையை இதற்கென ஒதுக்க முடிந்தால் மட்டுமே சூளை வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். பால்கனியைப் பலர் கேட்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையின் சாரல் பக்கவாட்டில் அடிக்கும் பால்கனியில் மின்சூளையை வைப்பது சரியல்ல. கொடியில் காயும் துணி காற்றில் பறந்து சூளையின் மூடிமேல் விழும் வாய்ப்பும் அங்கே உண்டு.

சமையலறை வேண்டவே வேண்டாம். எரிவாயு சிலிண்டர் இருக்கும் அறையில் ரிலே (சூளைக்குப் போகும் மின்சாரத்தை விட்டும் துண்டித்தும் இயக்கும் தானியங்கிச் சுவிட்ச்) தட்டும்போது பொறி எழக்கூடிய ஒரு கருவியை வைக்கக்கூடாது என்பது ஒரு காரணம். கண்ணாடித் தூளும், கண்ணாடி ஒட்டாமலிருக்கச் சூளைத் தட்டில் பூசும் பூச்சுத் தூளும் உணவில் கலக்கக்கூடாது என்பது மற்றொன்று. மாடிப்படிக்குக் கீழே உள்ள ஒதுக்குப்புறத்தையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அங்கே தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் இறங்கும் வழி அடைபட்டுவிடும். பிவிசி ஃபால்ஸ் சீலிங், மரப் பரண் ஆகியவற்றின் கீழும் வைக்கக்கூடாது.

தகரக் கூரை போட்ட மாடி அறையில் வேறொரு சிக்கல் இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் அந்த அறையே 45 டிகிரியை எட்டிவிடும். சூளையும் எரியத் தொடங்கினால் அதன் பக்கவாட்டில் உள்ள, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் மின்னணுப் பலகை, தான் வேலை செய்யக்கூடிய வெப்ப வரம்பைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட அறையில் கோடையில் சூளையை ஓட்டாமல் இருப்பதே நல்லது.

எதன் மேல் வைப்பது? சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது?

தயாரிப்பாளர் கொடுத்த இரும்புத் தாங்கியின் மேல், அடியில் காற்றோட்டம் இருக்கும்படி வைக்க வேண்டும். தரை சிமெண்ட் தரையாக இருப்பது நல்லது. மேசை தேவையானால் இரும்புச் சட்டத்தின் மேல் கடப்பாக்கல் போட்ட மேசை போதும். ஆனால் சூளையின் அடிப்பாகம் கல்லை நேரடியாகத் தொடக்கூடாது, தொட்டால் ஒரே இடத்தில் சூடேறிக் கல் விரிசல் விடலாம். சன்மைக்கா ஒட்டிய பிளைவுட் மேசை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கூடாது. மரம் பலமுறை சூடேறிச் சூடேறி உலரும்போது, அது தீப்பற்றும் வெப்பநிலை படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். முதல் பத்து முறை ஒன்றும் ஆகவில்லை என்பது பதினோராவது முறைக்கு உத்தரவாதம் ஆகாது.

இடைவெளியைப் பொறுத்தவரை எல்லாப் பக்கமும் குறைந்தது 30 செ.மீ. விட வேண்டும், 45 செ.மீ. விட முடிந்தால் இன்னும் நல்லது. தயாரிப்பாளரின் கையேடு அதிகம் கேட்டால் அதையே பின்பற்ற வேண்டும். மேல்மூடி திறக்கும் வகைச் சூளையானால் மூடிக்கு மேலே உள்ள இடத்தையும் கணக்கிட வேண்டும், ஏனெனில் மூடியைத் திறக்கும் நொடியில் எழும் வெப்பம் நேராக மேலே போகிறது. மின்கம்பியின் பிவிசி உறை சூளையின் உலோக உடலில் படாமல் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் செருகி ஓட்டலாமா?

கணக்கைப் பார்ப்போம். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். 1.8 கிலோவாட் சூளை சுமார் 7.8 ஆம்பியரும், 2.4 கிலோவாட் சூளை 10.4 ஆம்பியரும், 3 கிலோவாட் சூளை 13 ஆம்பியரும், 3.6 கிலோவாட் சூளை 15.7 ஆம்பியரும் எடுக்கும். மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் கருவிக்கு, பிளக்கின் அளவில் 80 விழுக்காட்டுக்குள் நிற்பது நல்ல வழக்கம். 16 ஆம்பியருக்கு அது 12.8 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 2.9 கிலோவாட். ஆகவே 2.4 கிலோவாட் வரையுள்ள சூளையை நல்ல நிலையில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் ஓட்டலாம் என்று தாளில் வருகிறது.

ஆனால் தாளில் வருவதும் சுவரில் இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கெய்சர் பதினைந்து நிமிடம் ஓடி நின்றுவிடும்; சூளை அப்படியல்ல, ஐந்து ஆறு மணி நேரம் ஓடும். சாக்கெட்டின் உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்திருந்தால் கெய்சரில் அது தெரியாது, சூளையில் தெரிந்துவிடும். சோதிக்கும் முறை எளிது. சூளை முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, புறங்கையைப் பிளக்கின் மேற்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு, மீன் வாடை போன்ற ஒரு பிளாஸ்டிக் வாடை, பிளக்கின் ஒரு கால் மட்டும் பழுப்பேறியிருத்தல் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டு அந்தச் சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கெட்டது நல்லதையும் கெடுத்துவிடும்.

என் பரிந்துரை, சூளை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மெயின் போர்டிலிருந்து அதற்கென்று தனி லைன் இழுப்பதே. 2.4 கிலோவாட் வரை 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியும் 16 ஆம்பியர் எம்சிபியும் (மின்னோட்டம் மிகுந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) போதும். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால், அல்லது தூரம் அதிகமென்றால், 4 சதுர மி.மீ. கம்பியும் 20 ஆம்பியர் எம்சிபியும் தேவை. முனையில் ஏசிக்குப் போடும் உலோகப் பெட்டி சாக்கெட்டையோ, நீலநிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டையோ பொருத்தலாம். ஏற்கெனவே ஏசி ஓடும் லைனிலேயே சூளையையும் சேர்க்கக்கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்பைக் பஸ்டர், சுருட்டி வைத்த நீள ஒயர் ஆகியவற்றுக்கு இங்கே இடமே இல்லை. இந்த வேலை முழுவதையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டும். வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதாவிட்டால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்து உயர்த்திக்கொள்ள வேண்டும்.

சூளை அணைந்திருக்கும்போதும் உள்ளே கைவிடக்கூடாது என்கிறார்களே, ஏன்?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். சூளையின் உட்சுவரில் தெரியும் கம்பிச்சுருள் உறையில்லாத வெறும் கம்பி. அது ஓடும்போது முழு 230 வோல்ட்டும் அதில் இருக்கும். உருகிய கண்ணாடியில் கம்பியால் கோடிழுப்பவர்களும், சுடரில் உருக்கிச் செய்த கண்ணாடி மணியைச் சூளைக்குள் செருகுபவர்களும் கையில் உலோகக் கருவியை வைத்திருப்பார்கள். அந்தக் கருவி சுருளில் பட்டால் வெப்பத்தைவிட முதலில் மின்சாரம்தான் தாக்கும். எனவே கதவைத் திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். கதவு திறந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச் பல சூளைகளில் உண்டு. இருந்தாலும் அதை மட்டும் நம்பக்கூடாது.

இரண்டாவது செய்தி நம் ஊருக்கே உரியது. விலை குறைந்த சூளைகளில் கன்ட்ரோலரின் ரிலே இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டுமே துண்டிக்கும். அது ஃபேஸ் கம்பி என்று தயாரிப்பாளர் எண்ணியிருப்பார். நம் வீடுகளில் சாக்கெட்டுக்குப் பின்னால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது அரிதல்ல. அப்படி மாறியிருந்தால் திரையில் அணைந்ததாகத் தெரியும்போதும் சுருளில் ஃபேஸ் அப்படியே நிற்கும். மின்விளக்கையும் மின்விசிறியையும் பயன்படுத்தும்போது இந்தத் தவறு வெளியே தெரிவதே இல்லை.

தீர்வு இரண்டு. சூளையை இணைப்பதற்கு முன், உங்களை எதிர்நோக்கிய சாக்கெட்டில் எர்த் துளை மேலே இருக்க, வலப்பக்கத் துளையில் ஃபேஸ் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை மீட்டரால் பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கும் மேலாக, இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் ஒன்றைச் சூளையிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி, வாசலுக்குப் போகும் வழியில் பொருத்த வேண்டும். சூளைக்குப் பின்னால் பொருத்தினால், அவசரத்தில் சூட்டின் மேல் கையை நீட்டித்தான் அணைக்க வேண்டியிருக்கும்.

எர்த், ஆர்சிசிபி இரண்டும் கட்டாயமா?

கட்டாயம். ஆர்சிசிபி என்பது மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். சூளையின் உடல் உலோகம். உள்ளே வெறும் கம்பி. உடைந்த சுருள் ஒன்று உடலைத் தொட்டால், எர்த் இல்லாத வீட்டில் அந்த உடலைத் தொடுபவரே எர்த் ஆகிவிடுவார். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியைச் சூளையின் லைனில் பொருத்தி, அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. அதையும் மீட்டர் வைத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

மழைக்காலத்தில் சூளையைப் போட்டாலே ஆர்சிசிபி விழுந்துவிடுகிறது. அதை நீக்கிவிடலாமா?

கூடாது. சூளையின் செங்கல்லும், வெப்பத்தைத் தாங்கும் இழையான செராமிக் ஃபைபரும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. ஈரமான செங்கல் வழியாகச் சிறிதளவு மின்சாரம் உடலுக்குக் கசியும். ஆர்சிசிபி அதைக் கண்டு துண்டிக்கிறது, அதாவது அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. சூளையின் அருகே 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டோ, வெயில் அடிக்கும் நாளில் மூடியைத் திறந்து வைத்தோ ஈரத்தைப் போக்கிய பிறகு முயல வேண்டும். நன்றாக உலர்ந்த பின்னும் விழுந்தால் சுருளோ இணைப்போ உடலைத் தொடுகிறது என்று பொருள். அப்போது பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் ஓட்டக்கூடாது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் சூளையை இங்கே பயன்படுத்தலாமா?

பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் சுருள் சில நிமிடங்களில் அறுந்துவிடும், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது நடக்கும். மின்திறன் வோல்ட்டேஜின் இருமடிப்படி உயரும் என்பதால், 1,500 வாட் சூளை 230 வோல்ட்டில் ஏறத்தாழ 5,500 வாட் எடுக்க முயலும். தொடர் ஓட்டத்துக்கு ஏற்ற, குறைந்தது 2 கேவிஏ அளவுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஓட்டலாம். கடைகளில் ஷேவருக்கும் மிக்ஸிக்கும் விற்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் இதற்கு உதவா. 240 வோல்ட் சூளையானால் பெரும்பாலும் சிக்கலில்லை. 230 வோல்ட்டில் அதன் திறன் 92 விழுக்காடு அளவுக்குக் குறையும், அவ்வளவே. 60 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் வேறுபாடு கம்பிச்சுருளைப் பாதிக்காது. கன்ட்ரோலர் இரண்டையும் ஏற்குமா என்பதை அதன் முத்திரைத் தகட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வோல்ட்டேஜ் குறைந்தாலும் மின்வெட்டு வந்தாலும் என்ன செய்வது?

வோல்ட்டேஜ் 200-க்கு இறங்கினால் சூளையின் திறன் 76 விழுக்காடாகக் குறையும். அப்போது 800 டிகிரியை எட்ட நெடுநேரமாகும், சில சூளைகள் எட்டாமலே நின்றுவிடும். கன்ட்ரோலர் விடாமல் முயன்றுகொண்டே இருப்பதால் கண்ணாடி இடைப்பட்ட வெப்பத்தில் வெகுநேரம் கிடந்து, மேற்பரப்பு வெண்மையாய் மங்கிப் போகும். இதனால் ஆபத்து ஏதும் இல்லை, பொருள் கெடும், அவ்வளவுதான். கோடை மாலைகளைத் தவிர்த்துக் காலையில் தொடங்கினால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

மின்வெட்டின்போது செய்ய வேண்டியது, எதையும் திறக்காமல் இருப்பதுதான். காற்றுத் துளைகளை அடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கவலைப்பட வேண்டியது மின்சாரம் திரும்பி வரும் நேரத்தைப் பற்றி. சில கன்ட்ரோலர்கள் விட்ட இடத்திலிருந்து தாமாகவே தொடங்கும், சில நின்றுவிடும். உங்களுடையது எந்த வகை என்பதைக் கையேட்டில் படிப்பதோடு விட்டுவிடாமல், காலிச் சூளையை 200 டிகிரிக்கு ஏற்றி, மெயினை அணைத்துப் போட்டு ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும். இன்வெர்ட்டர் லைனில் சூளையை இணைக்கவே கூடாது.

சூளை ஓடும்போது வெளியே போகலாமா? கன்ட்ரோலர்தான் பார்த்துக்கொள்கிறதே?

கன்ட்ரோலர் வெப்பத்தைப் பார்க்கிறது. மின்சாரத்தைத் துண்டிப்பது ரிலே. வெப்பம் மட்டத்தைத் தாண்டிவிட்டது என்று கன்ட்ரோலருக்குத் தெரிந்தும், ரிலேயின் தொடுமுனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டால் மின்சாரம் நிற்காது. மின்னணு ரிலே எனப்படும் எஸ்எஸ்ஆர் பழுதானால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே, அதாவது மின்சாரத்தை விட்டபடியே பழுதாகும். திரையில் பிழை எண் மின்னிக்கொண்டிருக்கும், சூளை ஏறிக்கொண்டே போகும். உருகிய கண்ணாடி தட்டிலிருந்து வழிந்து செங்கல்லையும் சுருளையும் தின்றுவிடும். அந்த நேரத்தில் கன்ட்ரோலரை அணைப்பதால் பயனில்லை, டபுள் போல் சுவிட்சைத்தான் அணைக்க வேண்டும்.

சூளைக்குள் வெப்பத்தை அளக்கும் உணரியான தெர்மோகப்பிளாலும் இதே நிலை வரலாம். அது இடத்தை விட்டு நழுவி வெளியே வந்துவிட்டால் அறையின் வெப்பத்தையே சூளையின் வெப்பமாகக் காட்டும்; கன்ட்ரோலரும் இன்னும் வேண்டும் என்று மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். மாற்றும்போது இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி இணைத்தாலும் இப்படியே ஆகும்: சூளை சூடேற ஏறத் திரையில் எண் இறங்கும்.

ஆகவே உச்ச வெப்பத்தை எட்டி, இறங்கத் தொடங்கும் வரை வீட்டில் விழித்த நிலையில் ஒருவர் இருக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் தனித் தெர்மோகப்பிளும் தனிக் கான்டாக்டரும் (கனமான மின்னோட்டத்தைத் துண்டிக்கும் மின்சுவிட்ச்) கொண்ட இரண்டாவது பாதுகாப்பு அமைப்பை 900 டிகிரியில் துண்டிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். சூளைக்குச் செலவிடும் பணத்தில் மிக நல்ல செலவு அதுதான் என்பது என் கருத்து.

ஒரு நாளின் நேரத்தை எப்படி அமைத்துக்கொள்வது?

3 மி.மீ. தடிமனுள்ள இரண்டு அடுக்குகளை உருக்கி 6 மி.மீ. பலகையாக்குவதை எடுத்துக்கொள்வோம். 90 விரிவெண் (சூடேறும்போது கண்ணாடி எவ்வளவு விரியும் என்பதைக் குறிக்கும் எண்) கொண்ட ஃபியூசிங் கண்ணாடி என்று வைத்துக்கொண்டால், காலை 7 மணிக்குத் தொடங்கி மணிக்கு 150 டிகிரி வீதம் 650 டிகிரிக்கு ஏற்றினால் 11 மணி சுமாருக்கு அது வந்துவிடும். அங்கே அரை மணி நேரம் நிறுத்தினால் அடுக்குகளுக்கு இடையே உள்ள காற்று வெளியேறும். பிறகு வேகமாக 805 டிகிரிக்கு ஏற்றி 10 நிமிடம் நிறுத்தினால் நண்பகலைச் சற்றுத் தாண்டி உச்சம் முடிந்துவிடும். இயல்பாக 482 டிகிரிக்கு இறங்கவிட்டு, அங்கே ஒரு மணி நேரம் நிறுத்தி, மணிக்கு 83 டிகிரி வீதம் 371 டிகிரி வரை இறக்க வேண்டும். இந்தப் பகுதியே அனீலிங். கண்ணாடிக்குள் சேர்ந்த இறுக்கம் இங்கேதான் தளர்கிறது. அதன்பின் மூடியபடியே விட்டுவிட்டு மறுநாள் காலையில் திறக்கலாம். ஆபத்து மிகுந்த மணிகள் எல்லாம் பகலிலேயே கழிந்துவிடும் என்பதுதான் காலையில் தொடங்குவதன் பெரிய நன்மை.

திரையில் 150 டிகிரி காட்டும்போது ஆவலில் திறந்து பார்ப்பவர்கள் பலர். உள்ளே புகும் குளிர்காற்றில் கண்ணாடி அப்போதே வெடிக்கலாம், அல்லது அலமாரியில் வைத்த சில நாள் கழித்து விரிசல் விடலாம். 50 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே திறக்க வேண்டும்.

எந்தக் கண்ணாடியைச் சூளையில் வைக்கக்கூடாது?

காரின் முன்கண்ணாடியை வைக்கக்கூடாது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அதில் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, எரிந்தால் அறை முழுவதும் புகை சூழும். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சும் கருகிப் புகையும். ஈயம் கலந்த பழைய கிரிஸ்டல் பாத்திரங்கள், என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பெயின்ட் பூசிய பாட்டில்கள், துத்தநாக முலாம் பூசிய கம்பி ஆகியவற்றையும் ஒதுக்க வேண்டும்.

பாதுகாப்பு சார்ந்தது அல்ல என்றாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று: விரிவெண் வேறுபடும் கண்ணாடிகளைச் சேர்த்து உருக்கினால் அவை ஒட்டும், ஆனால் ஆறும்போதோ பிறகோ பிளந்துவிடும். சன்னல் கண்ணாடியோடு பாட்டில் துண்டையும் வளையல் துண்டையும் சேர்க்க ஆசைப்படுபவர்கள் அதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். அடுப்பில் வைக்கும் போரோசிலிக்கேட் பாத்திரக் கண்ணாடி, இந்த வெப்பத்தில் மற்றவற்றோடு சேரவே சேராது.

புகையும் தூளும் எவ்வளவு தீங்கானவை?

எரியும்போது வரும் புகை பெரும்பாலும் ஃபைபர் பேப்பரில் (கண்ணாடி ஒட்டாமலிருக்கத் தட்டில் விரிக்கும், வெப்பம் தாங்கும் தாள்) உள்ள பசையும், ஓவியப் பூச்சில் உள்ள எண்ணெயும் கருகுவதால் வருவது. இதில் சிறிதளவு கார்பன் மோனாக்சைடும் இருக்கும். வெப்பம் 500 டிகிரியைத் தாண்டும் வரை சன்னல்களைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட வேண்டும். மேசை மின்விசிறியைச் சூளையின் மேல் நேராக வீசவிடக்கூடாது.

நீண்டகாலத் தீங்கு தூளில்தான் இருக்கிறது. சூளைத் தட்டில் பூசும் கில்ன் வாஷ் அலுமினாவும் சீனக்களிமண்ணும் கலந்த தூள். ஒருமுறை எரிந்த ஃபைபர் பேப்பரும் கையில் எடுத்தாலே தூளாகும். செராமிக் ஃபைபரை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றில் ஒன்றாக 2பி என்ற பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. அந்த ஃபைபர் நெடுங்காலம் கடும் வெப்பத்தில் இருந்தால் அதன் ஒரு பகுதி கிறிஸ்டோபலைட் என்னும் படிகச் சிலிக்காவாக மாறும். மூச்சில் செல்லும் படிகச் சிலிக்கா, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றுக்கான முதல் பிரிவிலேயே இருக்கிறது. எனவே பூச்சைச் சுரண்டும்போதும், தட்டைத் துடைக்கும்போதும், சூளையின் உட்புறத்தைத் தொடும்போதும் என்95 முகக்கவசம் அணிய வேண்டும். துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. ஈரத்துணியால் துடைப்பதும், நுண்தூளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரைப் பயன்படுத்துவதும் சரியான முறை. துடைத்த துணியை வீட்டுத் துணிகளோடு துவைக்கக்கூடாது.

சுவரைக் காக்க ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வைக்கலாமா?

வேண்டாம். எளிதில் கிடைக்கிறது என்பதற்காகக் கொல்லையில் கிடக்கும் பழைய கூரைத் துண்டை அறுத்துச் சுவரில் சாய்த்து வைப்பவர்கள் உண்டு. அறுக்கும்போது பறக்கும் இழை நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகளுக்குப் பிறகு நோயாக வெளிப்படும். கடையில் சிமெண்ட் ஷீட் என்று கேட்டாலும் பல இடங்களில் இதையே எடுத்துக் கொடுப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலக்காதது என்று உறையில் அச்சிட்ட கால்சியம் சிலிக்கேட் பலகையைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கையுறை, கயிறு ஆகியவற்றுக்கும் இதே விடைதான்.

உடை, கண், கை ஆகியவற்றுக்கு என்ன பாதுகாப்பு?

பருத்தி உடை அணிய வேண்டும்; நைலான், பாலியெஸ்டர் சேலையும் துப்பட்டாவும் வேண்டாம். முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும், முடியை முடிந்துகொள்ள வேண்டும். காலில் மூடிய செருப்பு வேண்டும். சூடான சூளையைத் திறக்க நேர்ந்தால் முழங்கை வரை நீளும் கெவ்லார் கையுறை தேவை. எட்டிப்பார்க்கும் துளை வழியே அடிக்கடி பார்ப்பவர்கள் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும், சுமார் 3-ஆம் எண் பச்சை வெல்டிங் கண்ணாடியை அணிய வேண்டும். மணி செய்பவர்கள் அணியும் டிடிமியம் கண்ணாடி சுடரின் மஞ்சள் ஒளியைத் தடுப்பது. அகச்சிவப்புக்கு அது போதாது. கறுப்புக் கூலிங் கிளாஸ் எதற்கும் உதவாது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில்?

கதவைப் பூட்டக்கூடிய அறையில் மட்டும் வைக்க வேண்டும். அணைத்து ஆறேழு மணி நேரம் ஆன பிறகும் சூளையின் உடல் கையைச் சுடலாம், அதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பூனை, சூட்டைத் தேடி வந்து அருகில் படுக்கும்.

தீ, தீக்காயம் ஏற்பட்டால்?

முதலில் டபுள் போல் சுவிட்ச் அல்லது மெயின். மின்சாரம் இருக்கும் சூளையின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. மின்சாரம் போன பிறகும் சூடான செங்கல்லில் தண்ணீர் பட்டால் ஆவி சீறும், கண்ணாடி தெறிக்கும். கார்பன் டை ஆக்சைடு அல்லது ஏபிசி பவுடர் தீயணைப்பானை வாசலருகே மாட்டி வைக்க வேண்டும். தீ சூளையை விட்டுப் பரவிவிட்டால் அணைக்க முயலாமல் வெளியேறி 101-ஐ அழைக்க வேண்டும்.

தீக்காயத்தின் மேல் குழாய்த் தண்ணீர் 20 நிமிடம் ஓட வேண்டும். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட வேண்டும். பேனா மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள், ஐஸ்கட்டி எதுவும் கூடாது. மருத்துவமனையில் அவற்றைச் சுரண்டி எடுப்பது காயத்தைவிட வலிக்கும். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், முகத்திலோ கைமூட்டிலோ பட்டிருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். மின்சாரம் தாக்கியவர் எழுந்து நன்றாகப் பேசினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதன்முறை எப்படி ஓட்டுவது?

கண்ணாடி இல்லாமல். பூச்சுப் பூசிய தட்டை மட்டும் உள்ளே வைத்து, மூடியைச் சிறிது திறந்தபடி 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் ஈரம் போய்விடும். பிறகு மூடி, நிதானமாக 800 டிகிரி வரை ஏற்றி இறக்க வேண்டும். புதுச் சூளை முதல்முறை புகைவதும் நாறுவதும் இயல்பு. அந்த ஒரு நாள் முழுவதும் அருகிலேயே இருந்து பிளக்கின் சூடு, சுவரின் சூடு, கன்ட்ரோலரின் சூடு, ரிலே தட்டும் ஓசை ஆகியவற்றைக் கவனித்துக் குறித்து வைத்தால், பின்னாளில் ஏதேனும் மாறும்போது உடனே தெரியும்.

பயன்படுத்திய சூளையை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் இயங்கிக் காட்டாமல் வாங்கக்கூடாது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பின்பக்க மூடியைக் கழற்றச் சொல்ல வேண்டும். சுருளின் முனைகள் சேரும் பீங்கான் இணைப்பில் திருகுகள் கறுத்திருந்தால் தளர்ந்து சூடேறியிருக்கிறது என்று பொருள். கடற்கரையோர ஊர்களிலிருந்து வரும் சூளைகளில் உப்புக்காற்றால் அந்தத் திருகுகள் துருப்பிடித்திருக்கும். ஒருமுறை எரிந்த சுருள் குளிர்ந்த நிலையில் உடையக்கூடியது, எனவே சரிசெய்கிறேன் என்று விரலால் வளைத்துப் பார்க்கக்கூடாது. தெர்மோகப்பிளின் முனை மெலிந்து செதிள் உதிர்ந்திருந்தால் அது தவறான வெப்பத்தைக் காட்டும். அதை மாற்றும் செலவு குறைவு. உட்சுவரில் கண்ணாடி உருகி ஒட்டிய தழும்பு இருந்தால் சூளை ஒருமுறையாவது கட்டுப்பாடு இழந்து ஏறியிருக்கலாம். அப்போது ரிலேயை மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும், அதன் விலையைக் கழித்துக் கேட்கவும் வேண்டும். உட்பூச்சாகவோ மூடியின் விளிம்புக் கயிறாகவோ என்ன இழை இருக்கிறது என்று விற்பவருக்குச் சொல்லத் தெரியாத மிகப் பழைய சூளையை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காமல் விடுவதே நல்லது.